ஏர்போர்ட் பக்கத்துல ரூம் போடலாமா? சேலத்துல இருந்து கிளம்புறவங்களுக்கு ஒரு கணக்கு

நம்ம ஊர்லயும் ஏர்போர்ட் இருக்கு, இல்லேன்னு சொல்லல. காமலாபுரத்துல 2023 அக்டோபர்ல மறுபடி சர்வீஸ் ஆரம்பிச்சதுல இருந்து உடான் திட்டத்துல சின்ன விமானங்க வந்து போயிட்டு இருக்கு. ஆனா துபாய், தோஹா, சிங்கப்பூர்னு போறவங்க பாதிப் பேரு பெங்களூர் தேவனஹள்ளிக்குத் தான் போறாங்க, டிக்கெட் ரேட் அங்க குறைச்சலா கிடைக்கும்ங்கிறதால. சேலத்துல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல, அதுலயும் ஏர்போர்ட் சிட்டிக்கு இந்தப் பக்கம் இல்ல, முழு பெங்களூரையும் தாண்டி வடக்கு ஓரத்துல இருக்கு. அதனால டிக்கெட் போட்ட அன்னிக்கே வீட்டுல ஒரு பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். முந்தின நாளே போய் ரூம் போட்டுத் தங்கிடலாமா, இல்ல ராத்திரியே கார்ல கிளம்பி நேரா டெர்மினல் வாசல்ல இறங்கிடலாமா.

எங்க அக்கா குடும்பம் துபாய்ல இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போவாங்க, ஏத்திவிடுற வேலை எப்பவும் என்னுது தான். ரெண்டு வழியிலயும் போயிருக்கோம், அதனால இதை எழுதலாம்னு தோணுச்சு.

முதல்ல பில்லைச் சொல்லிடறேன். போன டிசம்பர்ல காலைல பத்து மணி ஃபிளைட். அக்கா, மாமா, ஒன்பது வயசுல ஒரு பையன், நாலு வயசுல ஒரு பொண்ணு, அம்மா, நான், அப்புறம் டிரைவர். ஆப்ல ஒரு ரூம் 2,799னு போட்டிருந்துச்சு, ரெண்டு ரூம், அதாவது 5,598. அதுக்கு மேல ஜிஎஸ்டி 5 சதவீதம் 280, ஆப்க்காரன் கன்வீனியன்ஸ் ஃபீஸ்னு 199. இது வரைக்கும் புக் பண்ணும்போதே தெரிஞ்சது. அங்க போனதும் ரிசப்ஷன்ல இருந்த பையன் அக்கா பையனை மேலயும் கீழயும் பாத்துட்டு "சார், அஞ்சு வயசுக்கு மேல இருந்தா எக்ஸ்ட்ரா பெட் சார்ஜ் இருக்கு"ன்னான். 700, அதுக்கு டேக்ஸ் 35. பெட்டுன்னா ஒரு மெத்தையை உருட்டிக்கிட்டு வந்து கட்டிலுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவுல போட்டான், அப்புறம் பாத்ரூம் கதவு பாதி தான் திறந்துச்சு. ராத்திரி சாப்பாடு ரூமுக்கே சொன்னோம், சப்பாத்தி, ஒரு பனீர், தயிர் சாதம், பசங்களுக்கு நூடுல்ஸ், 1,640. தண்ணி ரெண்டு பாட்டில் 120. டிரைவருக்கு நைட் ஹால்ட் பேட்டா 600. கூட்டிப் பாத்தா 9,172. ஆறாயிரத்துச் சொச்சம்னு நினைச்சு வந்த விஷயம்.

இதுல யாரும் ஏமாத்துனாங்கன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொண்ணுக்கும் எங்கயோ ஒரு மூலைல சின்ன எழுத்துல விதி இருக்கு. தண்ணி பாட்டிலுக்கு எம்ஆர்பி 20 தானே போட்டிருக்குன்னு மாமா சண்டைக்குப் போனாரு, ஆனா ஹோட்டல்ல, ரெஸ்டாரண்ட்ல எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு 2017 டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, வெறும் தண்ணி விக்கல, உக்காருற இடம், சர்வீஸ் எல்லாம் சேத்துத் தான் விக்கறாங்கன்னு. அதனால அந்தச் சண்டைல நாம ஜெயிக்க முடியாது, ஓமலூர் டோல்கேட் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு அஞ்சு லிட்டர் கேன் வாங்கி டிக்கில போட்டுக்கிறது தான் புத்திசாலித்தனம். ஆனா சர்வீஸ் சார்ஜ் வேற கதை. அதைக் கட்டாயமா பில்லுல சேக்கக் கூடாதுன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைல சொல்லுச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரிதான்னு சொல்லிடுச்சு. சாப்பாட்டு பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு போட்டிருந்தா "இதை எடுத்துடுங்க"ன்னு சாதாரணமா சொல்லுங்க, பெரும்பாலும் பேசாம எடுத்துடுவாங்க.

ஜிஎஸ்டில ஒரு பள்ளம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் 5 சதவீதம், அதைத் தாண்டினா 18. முன்னாடி 7,500 வரைக்கும் 12 இருந்துச்சு. அப்ப 7,400 ரூபா ரூமுக்கும் 7,700 ரூபா ரூமுக்கும் நடுவுல வித்தியாசம் முந்நூறு இல்ல, டேக்ஸோட பாத்தா 7,770க்கும் 9,086க்கும் உள்ள வித்தியாசம், ஆயிரத்து முந்நூறுக்கு மேல. ஏர்போர்ட் பக்கத்துல நல்ல ஹோட்டல்கள் ரேட்டு இந்த எல்லையைச் சுத்தித் தான் ஆடிக்கிட்டு இருக்கும். லிஸ்ட்ல டேக்ஸ் இல்லாம தான் காட்டுவான், கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பாக்காம ஒப்பிடாதீங்க. அந்த மாதிரி பெரிய ஹோட்டலா இருந்தா சாப்பாட்டு பில்லுலயும் 18 தான் வரும்.

சரி, காசு விஷயத்தை விடுங்க, தூரத்துக்கு வருவோம். "ஏர்போர்ட்டுல இருந்து 3 கிலோமீட்டர்"னு போட்டிருப்பான். தேவனஹள்ளி ஏர்போர்ட் வளாகம் கிட்டத்தட்ட 4,000 ஏக்கர், ரெண்டு ரன்வே. மேப்புல நேர்கோடு போட்டு அளந்தா காம்பவுண்ட் சுவத்துக்குப் பின்னாடி இருக்கிற ஹோட்டல் கூட மூணு கிலோமீட்டர் தான் காட்டும், ஆனா சுவரைத் தாண்டிக் குதிச்சா போக முடியும்? சுத்திக்கிட்டு வந்து தான் டெர்மினல் ரோட்டைப் பிடிக்கணும். நாங்க தங்குனது அப்படித் தான், பதினொரு கிலோமீட்டர் காட்டுச்சு வண்டி. அதனால ஹோட்டல் பக்கத்துல போட்டிருக்கிற தூரத்தை நம்பாம நீங்களே மேப்புல ஹோட்டல்ல இருந்து டெர்மினல் 2 புறப்பாடுன்னு போட்டு ரோடு வழியாப் பாருங்க, நீங்க கிளம்பப் போற அதே நேரத்தை வெச்சு. டெர்மினல் 2ன்னு ஏன் சொல்றேன்னா 2023 செப்டம்பர்ல இருந்து வெளிநாட்டு ஃபிளைட் எல்லாம் அங்க இருந்து தான்.

இன்னொண்ணு, கேட்டா சிரிப்பீங்க. அஸ்தம்பட்டில எங்களுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர், ஏர்போர்ட் பக்கம் பாகலூர் ரோட்டுல ரூம் நல்லா சீப்பா இருக்குன்னு யாரோ சொன்னதைக் கேட்டு பாகலூர் ரோடுன்னு தேடி புக் பண்ணிட்டாரு. அது ஓசூர்ல இருக்கிற பாகலூர் ரோடு. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு பாகலூர், ஏர்போர்ட் பக்கம் ஒரு பாகலூர், ரெண்டுக்கும் நடுவுல மொத்த பெங்களூரே இருக்கு. மனுஷன் ஓசூர்லயே தூங்கி எந்திரிச்சு விடியக்காலைல ரெண்டு மணிக்குக் கிளம்பி சில்க் போர்டு, ஹெப்பால் எல்லாம் காலியா கிடக்கும்போதே தாண்டிப் போய்ச் சேந்துட்டாரு. அதைக் கேட்டப்புறம் தான் எனக்கே தோணுச்சு, ராத்திரி நேரத்து ஃபிளைட்டா இருந்தா ஓசூர்ல தங்குறது ஒண்ணும் மோசமான ஐடியா இல்ல, ரூம் பாதி விலை, சாப்பாடு நம்ம ஊர் சாப்பாடு. பகல் ஃபிளைட்டுக்கு மட்டும் அது வேணாம், காலைல ஏழு மணிக்கு மேல அந்த டிராஃபிக்ல மாட்டினா அவ்ளோ தான்.

"ஃப்ரீ ஷட்டில்"ங்கிற வார்த்தையைப் பத்தி. இதை நம்பித் தான் நிறைய பேர் டாக்சியைத் திருப்பி அனுப்பிட்டு ரூம் போடுறாங்க. ஃபோன் பண்ணிக் கேட்டா தெரியும், சில இடத்துல காலைல ஆறு மணிக்கு மேல தான் ஓடும், சில இடத்துல ஒரு ஆளுக்கு இவ்ளோன்னு காசு, சில இடத்துல நாலு பேர் சேந்தா தான் வண்டி எடுப்பான். அப்புறம் பெட்டி. நம்ம ஆளுங்க பெட்டி எப்படி இருக்கும்னு தெரியும்ல. மசாலாத் தூள், ஊறுகாய், ஜவ்வரிசி வத்தல், கொலுசு வாங்குன டப்பா, இன்னும் என்னென்னவோ, அக்காவுக்கு மட்டும் நாலு பெரிய பெட்டி. ஷட்டில்னு வந்து நிக்கிறது ஏழு சீட் வண்டி, பின்னாடி ரெண்டு பெட்டி தான் போகும். விடியக்காலைல மூணு மணிக்கு ஆப்ல டாக்சி போட்டா கிட்டத்துல தானேன்னு டிரைவர் கேன்சல் பண்ணிடுவான், நாலஞ்சு கிலோமீட்டருக்கு எவன் வருவான். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ கூடவே இருந்தா தான் ரூம் போடுறதுல அர்த்தம்.

பிரேக்ஃபாஸ்ட் ஃப்ரீன்னு சேத்து ஒரு ரேட், சேக்காம ஒரு ரேட் இருக்கும், முந்நூறு நானூறு வித்தியாசம். நாம கிளம்புறது ஆறே கால், அவங்க பிரேக்ஃபாஸ்ட் ஏழரைக்கு. பேக் பண்ணித் தர்றோம்னு சொன்னான், தந்தான், ஒரு அட்டைப்பெட்டில ரெண்டு துண்டு பிரெட், சின்ன ஜாம் பாக்கெட், அவிச்ச முட்டை ஒண்ணு, வாழைப்பழம். அன்னிக்கு அமாவாசை, மாமா முட்டையைப் பாத்துட்டு பெட்டியை அப்படியே என்கிட்ட நீட்டுனாரு. அம்மா தான் வீட்டுல இருந்தே புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க, "வெளி உணவு அனுமதி இல்லை"ன்னு லிஃப்ட்ல போர்டு ஒட்டி இருந்ததை அவங்க கண்டுக்கவே இல்ல. "நாம என்ன அவன் டேபிள்லயா உக்காந்து சாப்பிடறோம், கட்டில்ல தானே"ன்னாங்க. விடியக்காலை கிளம்புற ஆளுங்களுக்கு பிரேக்ஃபாஸ்ட் இல்லாத ரேட் தான் சரி, கண்ணை மூடிக்கிட்டு அதைப் போடுங்க.

டெபாசிட் கேக்குற ஹோட்டல் இருக்கு. ரெண்டாயிரம் ரொக்கமா வாங்கி வெச்சுக்குவான், கிளம்பும்போது ரிசப்ஷன்ல தூங்கிட்டு இருக்கிற பையன் கிட்ட "கேஷ் பெட்டி சாவி மேனேஜர் கிட்ட இருக்கு, காலைல அக்கவுண்ட்டுக்கு அனுப்பறோம்"னு பதில் வரும். ஃபிளைட்டுக்கு நேரமாகுது, யாரு நின்னு பேசறது. அதனால ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடியே கீழ போய் மொத்த பில்லையும் முடிச்சு, டெபாசிட்டையும் வாங்கிட்டு, ரசீதை ஃபோன்ல படம் எடுத்து வெச்சுட்டு அப்புறம் தூங்குங்க. ரூம்ல இருக்கிற சிப்ஸ் பாக்கெட்டைப் பசங்க கைக்கு எட்டாத இடத்துல வைக்கிறதும் இந்த வரிசைல தான் வரும்.

இதெல்லாம் சில்லறை விஷயம். எனக்கு உண்மையா உறைச்சது வேற.

அன்னிக்குக் காலைல அக்காவை ஏத்திவிட்டுட்டுத் திரும்புறோம், எலக்ட்ரானிக் சிட்டி பாலம் தாண்டினதும் டிரைவர் அண்ணன் கொட்டாவி மேல கொட்டாவி விடறாரு. ஐம்பது வயசு இருக்கும், எங்க தெருவுக்கு இருபது வருஷமா வண்டி ஓட்டுறவரு. "ஏண்ணா, தூங்கலையா"ன்னு கேட்டேன். "எங்க தம்பி தூங்கறது, வண்டிக்குள்ள தான் படுத்தேன், கண்ணாடியை இறக்குனா கொசு, ஏத்துனா வேக்காடு. டிரைவருக்குப் பெட்டு இருக்கான்னு கேட்டேன், டார்மிட்டரி ஃபுல்லுன்னுட்டான். உக்காந்துட்டு வர்ற ஆளுங்களுக்கெல்லாம் ரூம் போட்டீங்க, வண்டி ஓட்டுறது நான் தானே சாமி"ன்னு சிரிச்சுக்கிட்டே தான் சொன்னாரு. அம்மா பின்னாடி சீட்டுல இருந்து "நிறுத்துங்க தம்பி, நிறுத்துங்க"ன்னாங்க. கிருஷ்ணகிரிக்கு முன்னாடி ஒரு மரத்தடில நிறுத்தி அவரு ஒன்றரை மணி நேரம் தூங்குனாரு, நாங்க டீக்கடைல உக்காந்திருந்தோம். தொப்பூர் கணவாய் இறக்கத்துல லாரிங்க பிரேக் பிடிக்காம எத்தனை தடவை வண்டி மேல வண்டி ஏறியிருக்குன்னு நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியது இல்ல, அந்த இறக்கத்தை அரைத்தூக்கத்துல இருக்கிற டிரைவரோட இறங்குறதை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

ஒன்பதாயிரம் செலவு பண்ணி நாங்க வாங்குனது என்ன? சேலத்துல இருந்து ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கிளம்பியிருந்தா டிரைவர் தூங்காம ஓட்டியிருப்பாரு, அதைத் தவிர்க்கத் தான் ரூம். கடைசில தூங்க வேண்டிய அந்த ஒரு ஆள் மட்டும் தூங்கல. எக்ஸ்ட்ரா பெட்டுக்கு 700 கொடுத்தோம்ல, அந்தப் பெட்டுல படுக்க வேண்டியது அவரு தான். ஒன்பது வயசுப் பையன் அவங்கப்பா பக்கத்துலயே ஒண்டிப் படுத்திருப்பான்.

அதுக்கப்புறம் நான் கணக்குப் போடுற விதமே மாறிடுச்சு. ஹோட்டலுக்கு ஃபோன் பண்ணினதும் கேக்குற முதல் கேள்வி டிரைவர் தங்க இடம் இருக்கா, கட்டிலா பாயா, ஃபேன் இருக்கா, அந்த ஒரு பெட்டை இப்பவே பேரைப் போட்டு எழுதி வைப்பீங்களா. இல்லேன்னா அந்த ஹோட்டல் எனக்கு வேணாம், எவ்ளோ சீப்பா இருந்தாலும். நைட் ஹால்ட் பேட்டா கொடுத்துட்டோமேன்னு நினைக்கிறது சரியில்ல, அந்த அறுநூறை அவரு வீட்டுக்குக் கொண்டு போகத் தான் பாப்பாரு, பெட்டுக்குச் செலவழிக்க மாட்டாரு, நாமளும் அவரு இடத்துல இருந்தா அதைத் தான் செய்வோம்.

ஃபிளைட் எத்தனை மணிக்குங்கிறதை வெச்சு எனக்கு இப்ப ஒரு மாதிரி பிடிபட்டிருக்கு. விடியக்காலை மூணு, நாலு மணி ஃபிளைட்டுக்கு ரூம் சுத்த வேஸ்ட், ஏன்னா மூணு மணி நேரம் முன்னாடி போகணும்னா ராத்திரி பன்னெண்டு, ஒரு மணிக்கு ரூமைக் காலி பண்ணணும், எட்டு மணிக்குப் படுத்தா பசங்களுக்குத் தூக்கம் வருமா. அதுக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு டிரைவரை ரெண்டு மணி நேரம் வீட்டுலயே தூங்க விட்டு சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல கிளம்பினா போதும், ஒன்பது மணிக்கு மேல சிட்டிக்குள்ள நுழைஞ்சா ஓரளவு காலியா இருக்கும். திரும்பி வரும்போது தான் பிரச்சனை, அதனால ஏத்திவிட்டதும் உடனே திரும்பாம ஓசூர்ல வந்து ஒரே ஒரு ரூம் போட்டு எல்லாரும் விடியற வரைக்கும் படுத்துட்டு வர்றோம், போறதுக்கு முன்னாடி தங்குறதை விட போயிட்டு வந்து தங்குறது சீப்பு, ரெண்டு ரூம் வேண்டியது இல்ல, ஃபிளைட் டென்ஷன் இல்ல, அலாரம் இல்ல. காலைல எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் இருக்கிற ஃபிளைட்டுக்குத் தான் முந்தின நாள் தங்குறது நியாயம். மத்தியானத்துக்கு மேலன்னா யோசிக்கவே வேணாம், காலைல வீட்டுல இட்லி சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம், சிட்டி டிராஃபிக்குக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் தாராளமா விட்டுடுங்க.

வழியனுப்ப வர்ற கூட்டத்தைப் பத்தியும் பேசித் தான் ஆகணும், யாரும் கோவிச்சுக்காதீங்க. நம்ம வீடுகள்ல ஒரு ஆள் வெளிநாடு போனா வேன் பிடிச்சு பெரியப்பா, சித்தின்னு எட்டுப் பேர் கிளம்பிடுவாங்க. டிக்கெட் இல்லாதவங்களை டெர்மினல் உள்ள விடவே மாட்டாங்க, வாசல்ல வண்டி நிக்கிற நேரம் சில நிமிஷம், அதுக்குள்ள பெட்டியை இறக்கி, டிராலி தேடி, அழுது, திருநீறு பூசி எல்லாம் முடிக்கணும். அந்தச் சில நிமிஷத்துக்காக எட்டுப் பேருக்கு ரூம், சாப்பாடு. எங்க வீட்டுல இப்ப அம்மா மட்டும் தான் வர்றாங்க, மத்தவங்க வீட்டுக்கே முந்தின நாள் வந்து சாப்பிட்டுப் பேசிட்டுப் போயிடறாங்க. சித்திக்குக் கொஞ்சம் வருத்தம் தான்.

தனியாப் போற பசங்களுக்கு ரூமும் வேணாம் காரும் வேணாம். கோயமுத்தூர்ல இருந்து வர்ற வந்தே பாரத் சேலம், தர்மபுரி, ஓசூர்ல நின்னு பெங்களூர் கன்டோன்மென்ட் போகுது, இல்லேன்னா புது பஸ் ஸ்டாண்ட்ல இருந்து பெங்களூர் பஸ் எப்பவும் இருக்கு. அங்க இருந்து பிஎம்டிசியோட வாயு வஜ்ரா ஏசி பஸ் ஏர்போர்ட்டுக்கு ராத்திரியிலயும் ஓடுது, பெட்டி வைக்க உள்ளேயே இடம் இருக்கு. சாயங்காலமே டெர்மினலுக்குப் போய் உக்காந்துக்கலாம்னு சிலர் நினைப்பாங்க, ரொம்ப முன்னாடியே போனா வாசல்லயே நிறுத்தி அப்புறம் வாங்கன்னு சொல்லவும் வாய்ப்பு இருக்கு, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு, இதை மாமா தான் ஆரம்பிச்சு வெச்சாரு. பெங்களூர் டிக்கெட் ஆளுக்கு ரெண்டாயிரம் குறைச்சல்னு சந்தோஷப்படறோம், நாலு பேருக்கு எட்டாயிரம் மிச்சம். ஆனா டோல் மட்டும் ஓமலூர், பாளையம், கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளின்னு வரிசையா வருது, வாடகை வண்டியா இருந்தா கர்நாடகா பர்மிட், ஹால்ட், ரூம், சாப்பாடு. கோயமுத்தூர் ஏர்போர்ட் 160 கிலோமீட்டர் சொச்சம், அதுவும் அவினாசி ரோட்டுல நம்ம பக்கத்துலயே இருக்கு, சிட்டியைத் தாண்ட வேண்டியதே இல்ல. திருச்சி இன்னும் கிட்ட, நாமக்கல் வழியா போனா மூணு மணி நேரத்துல போயிடலாம், 2024ல புது டெர்மினல் வேற திறந்துட்டாங்க. கோயமுத்தூர்ல இருந்து ஷார்ஜா, சிங்கப்பூர், திருச்சில இருந்து துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர், கோலாலம்பூர்னு நேரா ஃபிளைட் இருக்கு. இந்த ரெண்டு ஊருக்கும் ரூம்ங்கிற பேச்சே வராது. டிக்கெட் தேடும்போது மூணு ஏர்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் வண்டி, டோல், ஹால்ட், ரூம் எல்லாத்தையும் சேத்து ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்தோம், எங்க கணக்குல பெங்களூர் மிச்சம் எட்டாயிரம் இல்ல, கையை விட்டுத் தான் போச்சு.

வர்ற ஜூலை மாசம் அக்கா திரும்ப வர்றாங்க, பசங்க லீவுக்கு. இந்தத் தடவை திருச்சிக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கேன். மாமாவுக்கு லக்கேஜ் வெயிட் அந்த ஃபிளைட்டுல குறைச்சலாத் தர்றாங்கன்னு ஒரு குறை, எக்ஸ்ட்ரா வெயிட்டுக்குக் காசு கட்டினாலும் ஹோட்டல் பில்லை விடக் கம்மி தான்னு சொல்லி வெச்சிருக்கேன், இன்னும் முடிவாகல.